அவசரக் கூலி

அடுத்தவர் அவசரத்துக்கு இரட்டைக் கூலி வாங்குபவரை நேர்மையானவர் என்று சொல்லலாமா? முதுநகர் குழாய் ரிப்பேர்காரர் சேக் பரீதின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி இது.

1964இல் சிதம்பரத்தில், சபாநாயகம் வீட்டுக் கல்யாணத்தன்று குழாய் வெடித்து, சமையலுக்குத் தண்ணீர் நின்றுபோனது. பரீது பஸ் பிடித்து வந்து கூலியைச் சொன்னார்.

“என்னா பாய், கொள்ளையா இருக்கே!” என்றார் சபாநாயகம்.

“நாளைக்குன்னா பாதிதான் ஐயா. இன்னைக்கு ஒரு வீட்டு வேலைய பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். காத்துக் கெடக்குற அவுங்களுக்குக் கூலிய கொறைக்கணுமில்ல?”

பந்திக்கு முன் தண்ணீர் வந்தது. பாதியில் விட்டு வந்த வீட்டுக்கும் சொன்னபடியே கூலியைக் குறைத்தார். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எங்களுக்குப் பெருமைதான்.

மகள் ஷரீபாவின் நிக்காஹ் அன்று அவர் வீட்டுக் குழாயே உடைந்தது. பரீது ஸ்பானரைத் தொடவில்லை. தொழில் போட்டியாளரான மீரானை அழைத்து, பேரம் பேசாமல் இரட்டைக் கூலி கொடுத்தார்.