பாதி காட்டிய முள்

அந்தக் காரின் பெட்ரோல் முள் பொய் காட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதைச் சாலைக்கு அனுப்பினேன். ஒரு பெண் செத்தாள். பழியை அய்யாத்துரை சுமந்தான். நான் வாய் திறக்கவில்லை!

விருதுநகரில் மோட்டார் மின்வேலைப் பட்டறை வைத்திருந்தேன். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், உலகச் சண்டைக்கு முந்திய பழைய காரைக் கொண்டுவந்து விட்டார். ஆறு வோல்ட் வண்டி. அதைப் பன்னிரண்டாக மாற்ற வேண்டும். விளக்கும் டைனமோவும் மாற்றிவிடலாம், மீட்டர்கள் கருகிப் போகும் என்று மற்ற பட்டறைக்காரர்கள் கைவிரித்திருந்தார்கள். நான் மார்தட்டினேன்.

ஒவ்வொரு மீட்டருக்கும் முன்னால் மின்சாரத்தைக் குறைக்கும் கம்பிச் சுருள் ஒன்று வைக்க வேண்டும். வைத்தேன். எல்லாம் சரியாக வேலை செய்தன. பெட்ரோல் முள்ளுக்கு வைத்த சுருள் மட்டும் சூடேறி அறுந்தது. வேறு சுருள் மதுரையிலிருந்து வர வேண்டும். தீபாவளி சீசன், முதலாளி அவசரப்படுத்தினார். சுருள் இல்லாமலேயே இணைத்துவிட்டேன். மீட்டர் உடனே கருகவில்லை; ஆனால் டாங்கியில் கால் பங்கு இருந்தால் முள் பாதியில் நின்றது.

சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை? தோற்றேன் என்று ஊர் பேசுமே என்ற வீம்பு. வேறென்ன!

வண்டியை எடுக்க வந்த டிரைவர் அய்யாத்துரை கேட்கவும் செய்தான். "அண்ணாச்சி, இந்த முள்ள நம்பலாமா?"

"ஏலே, யாரு கை வச்ச வேலைன்னு நெனச்சே? எடுத்துட்டுப் போ" என்றேன்.

சுருள் வந்ததும் கூப்பிட்டு மாட்டிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்தது. திரி அறையில் வேலை பார்த்த செல்லத்தாய் என்ற பெண்ணை வாழையிலையில் கிடத்தி, அதே காரில் மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். முள் பாதி காட்டியது. அய்யாத்துரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டினான். விருதுநகரின் பெட்ரோல் பங்கைத் தாண்டி, என் பட்டறையையும் தாண்டித்தான் அந்தக் கார் போனது...

கள்ளிக்குடிக்கு அப்பால் நின்றுவிட்டது. டாங்கியில் சொட்டு இல்லை. உச்சி வெயில். வந்த லாரி ஒன்றை மறித்து அவளை மாற்றி ஏற்றும்போது உயிர் இல்லை.

எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள் என்கிறீர்களா? நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். சொல்லிச் சொல்லி நாக்குத்தான் உலர்ந்தது!

இதுவரை சொன்னது பாதிப் பாவம்.

முள் பாதி காட்டியதாக அய்யாத்துரை சத்தியம் செய்தான். முதலாளி நம்பவில்லை. மீட்டரைச் சோதிக்கச் சொல்லி, காரைக் கயிறு கட்டி என்னிடமே இழுத்துவரச் செய்தார். முதலாளியும் அய்யாத்துரையும் பின்னால் வந்து சேர்வதற்குள், மதுரையிலிருந்து வந்திருந்த சுருளை நான் மாட்டிவிட்டேன்! ஈயப் பற்றவைப்பு பிசகாமல் அமைந்தது. வேலை தெரிந்த கையல்லவா...

அவர்கள் கண்ணெதிரே பெட்ரோலை ஊற்றினேன். அளவு பிசகாமல் முள் ஏறியது.

முதலாளி அய்யாத்துரையைப் பார்த்தார். அவன் குனிந்து முள்ளையே வெறித்தான். என்மேல் சீறுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப... பதட்டத்துல நாந்தான் சரியாப் பாக்காம எடுத்துட்டேனோ அண்ணாச்சி?" என்றான்.

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்! தலையை ஆட்டினேன். ஆமென்று ஆட்டினேன்!

அவன் வேலை போயிற்று. செல்லத்தாயின் புருஷன் தெருவில் வைத்து அவன் முகத்தில் துப்பினானாம். துடைக்காமல் நின்றானாம்.

சில வருடங்கள் கழித்து, இனித் தாங்காது என்று அவனைத் தேடி விஸ்வநத்தம் போனேன். தீப்பெட்டிக் குச்சி லோடு இறக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்க அண்ணாச்சி! எம்புட்டு நாளாச்சு! நல்லாருக்கீகளா?"

"அய்யாத்துரை, ஒரு விசயம் சொல்லத்தான்..."

"அந்தப் பேச்சுன்னா வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைய நாந்தான் கொன்னேன். அதோடயே இருந்து பழகிட்டேன். முதல்ல சாப்பிட வாங்க."

அவன் மனைவி சோறு போட்டாள். அவன் பக்கத்தில் அமர்ந்து குழம்பு ஊற்றினான்.

சாப்பிட்டேன். கை கழுவினேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.