சர்க்கார் சாதியும் கோயில் சாதியும்

எங்கள் காலனியில் பிறக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் உண்டு. ஞானஸ்நானத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. என் அண்ணன் டேவிட் ராஜின் மனைவி கோயிலில் வியாகுலமேரி, பள்ளிச் சான்றிதழில் பொன்னி. சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. சான்றிதழ் கிடைக்காது, அதனால் பிள்ளையைச் சேர்க்கும்போதே வாத்தியார் வேறு பெயர் கேட்டு எழுதிக்கொள்வார். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல வாயெடுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சாமியை மாற்றினால் சாதி போய்விடும் என்று டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதிவிட்டார்கள். எழுதியவர்கள் எங்கள் ஊருக்கு வந்து, காலனிக்காரன் என்று சொல்லி ஒரு வாடகை வீடு கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணி குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ரேஷன் கடையில் எடை குறைந்தால் வரிசை மொத்தத்தையும் நிறுத்திவைத்துச் சண்டை போடுவார். எங்கள் அண்ணன் பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் அண்ணன் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் மாதிரி இருப்பார். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அண்ணி போன ஆபீஸ்களுக்கெல்லாம் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன், அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

இப்படிப்பட்டவர் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் அவருடைய அப்பாவின் சாவு. எங்கள் ஊரில் கோயிலுக்குப் பின்னால் மதில் கட்டிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அது ஊர்த்தெருவில் இருக்கிற மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு. காலனிக் கிறிஸ்தவர்களுக்கு ஏரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு. அந்த மேட்டுக்குப் போக முன்பு ஒரு வண்டிப்பாட்டை இருந்தது, வாய்க்கால்மேல் சின்னப் பாலத்தோடு. பாட்டை சர்க்கார் புறம்போக்கு. பக்கத்து நிலத்துக்காரர் பழனிவேல் அதையும் சேர்த்து உழுது நெல் நட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பிணம் வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும். அண்ணியின் அப்பா சவரிமுத்து செத்தது மார்கழி மழையில். தூக்கினவர்கள் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள், பெட்டி தண்ணீரில் சாய்ந்து மூடி திறந்துகொண்டது. பெற்ற அப்பனைத் தண்ணீரில் தேடிப் பிடித்து மறுபடியும் பெட்டியில் வைத்தார் அண்ணி.

அந்த முறை தலைவர் பதவி எஸ்.சி. பெண்களுக்கு என்று வந்தது. அண்ணி பொன்னி என்ற பெயரில் நின்றார், ஜெயித்தார். வேறு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கல்லறை மேட்டுக்குப் பாதை போடுவேன் என்று மட்டும் சொன்னார். துணைத் தலைவராக வந்தவர் பழனிவேல், முன்பு பல வருஷம் தலைவராக இருந்தவர். அண்ணி பாதைக்குத் தீர்மானம் போட்டு, சர்வேயரைக் கூட்டிவந்து, பழனிவேலின் நெல்லுக்கு நடுவே கல் நடவைத்தார். சர்வேயர் கல் நட்ட அன்றைக்கு எங்கள் காலனியில் கோழி அடித்துக் குழம்பு வைத்தோம்.

பழனிவேல் சும்மா விடுவாரா? நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக மனு எழுதிவிட்டார். தலைவராக இருக்கிற பொன்னி உண்மையில் வியாகுலமேரி என்கிற கிறிஸ்தவர், எஸ்.சி. இல்லை, பதவி செல்லாது என்று. இருபது வருஷமாக எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரியாணி தின்ற மனுஷனுக்கு அன்றைக்குத்தான் நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்ததாம். நல்லா இருக்குது நியாயம்.

சிதம்பரம் கீழவீதியில் அறிவுமதி என்று ஒரு பெண் வக்கீல். அவரிடம் போனோம். ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"இந்து, சீக்கியர், பௌத்தர். இந்த மூணு பேருக்குத்தான் எஸ்.சி.ன்னு சட்டத்துல இருக்கு. கிறிஸ்தவங்களுக்கும் வேணும்னு போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துல வருஷக்கணக்கா கெடக்குது. நீங்க விசாரணையில 'நான் இந்து, இந்து சாமிதான் கும்புடுறேன்'னு சொல்லிட்டா மனு நிக்காது. சொல்லலைன்னா நான் என்ன பேசினாலும் தோத்துடும்க்கா."

அண்ணி கேட்டார். "சாமி கும்புடாதன்னா விட்டுடலாம்மா. கும்புடவே இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அது உங்க இஷ்டம்க்கா. பாதை வேணுமா வேணாமா, அத யோசிங்க."

திரும்பி வரும்போது புவனகிரி தாண்டியதும் அண்ணி, "பாதை போட்டு முடியறவரைக்கும் நான் பொன்னிதான் தம்பி. மாதா கோச்சிக்க மாட்டா" என்றார். வீட்டுக்கு வந்து மாதா படத்தை இறக்கி அரிசி அண்டாவுக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை நிறுத்தினார். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது, கொஞ்ச நாள்தானே என்று. ஆனால் ஒரு பெண் தன் வீட்டுச் சாமியைத் தானே ஒளித்து வைக்க வேண்டும் என்றால் அது என்ன ராஜ்ஜியம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில் விசாரணை. அண்ணி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் வயதான ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் அண்ணியும் அறிவுமதியும், சுவரோரம் பழனிவேலும் அவர் வக்கீலும். நான் கதவோரம் நின்றேன். குலசாமி எது, பொங்கலுக்கு என்ன படைப்பீர்கள், கல்யாணம் எங்கே நடந்தது என்று அதிகாரி கேட்டார். எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொடுத்தபடியே அண்ணி பதில் சொன்னார். அறிவுமதியின் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. அதிகாரியும் பேனாவை மூடி வைத்து, "சரிம்மா, முடிஞ்சிது" என்றார்.

அப்போது மணி பன்னிரண்டு. பக்கத்தில் ஏதோ ஒரு மாதா கோயிலில் மூவேளை ஜெப மணி அடித்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மணிக்கு முந்திரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறவர் அண்ணி. நாற்காலியிலிருந்து எழுந்தார். கறுத்த விரல்கள் நெற்றிக்குப் போயின, நெஞ்சுக்கு, இடது தோளுக்கு, வலது தோளுக்கு. திருநீற்றின்மேலேயே சிலுவை போட்டுக்கொண்டார். போட்டு முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது.

பழனிவேலின் வக்கீல் துள்ளி எழுந்தார். அதிகாரி நல்ல மனுஷன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவரைக் கையமர்த்திவிட்டு, அண்ணியிடம் மெதுவாகக் கேட்டார்.

"நெத்தியில ஏதாவது அரிச்சுதாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். அறிவுமதி அண்ணியின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அண்ணி பழனிவேலைப் பார்த்தார். அவர் துண்டால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க சார். கும்பிட்டேன்" என்றார் அண்ணி. "நான் கோயிலுக்குப் போறவதான். ஆனா நீங்க இவரை ஒண்ணு கேளுங்க. நான் தலைவரான பிறகும் செக்குல கையெழுத்து வாங்க இவரு வீட்டுக்குப் போனா தெருவுல நிக்க வெச்சுத்தான் பேசுவாரு. வீட்டுல எல்லாருக்கும் டம்ளர்ல காப்பி வரும், எனக்குக் காகிதக் கப்புல வரும். என் சாமி எதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல. சாதியத்தான் பாத்தாரு. உங்க முன்னாடி வந்து நின்னதும் எனக்குச் சாதி இல்லங்குறாரு. எது சார் உண்மை?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. சட்டத்துல அதுக்கு எடம் இல்ல."

உத்தரவு வந்தது. சான்றிதழ் ரத்து, பதவி ரத்து. வேண்டுமானால் பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி, பெரிய உபகாரம் பண்ணுகிற மாதிரி. பொறுப்புத் தலைவர் பழனிவேல். சர்வேயர் நட்ட கல் அடுத்த வாரமே வயலில் இல்லை.

அண்ணி அழவில்லை. அரிசி அண்டாவிலிருந்து மாதா படத்தை எடுத்துத் துடைத்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உத்தரவின் நகலோடு நேராக, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவைக் கூட்டத்துக்குப் போனார். அங்கே பூசை வைக்கிற சாமியாரும் பேரவைத் தலைவர் செபாஸ்டினும் இருந்தார்கள். செபாஸ்டின் ஊர்த்தெருக்காரர். தினம் பூசை காண்கிறவர், தவக்காலம் முழுக்கக் காவி கட்டுகிறவர்.

"சாமி, நான் அந்தச் சாதி இல்லன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துட்டாங்க. கிறிஸ்தவ மட்டும்தானாம். எங்களுக்குப் பாதையும் வேணாம், வாய்க்காலும் வேணாம். இனிமே எங்க சாவையும் கோயில் கல்லறையிலேயே வெச்சுக்கிறோம்" என்றார் அண்ணி.

சாமியார் செபாஸ்டினைப் பார்த்தார். செபாஸ்டின் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

"அது சர்க்கார் வெவகாரம்மா. இது நம்ம ஊர் வழக்கம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"பேசிக்கலாம்மா, எல்லாத்துக்கும் நேரம் வரணும்" என்றார் சாமியார்.

அடப் பாவிகளா. சிலுவை போட்டாள் என்று ஆபீஸில் சாதியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அந்தச் சிலுவைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பிடுங்கின சாதியை மறுபடியும் ஒட்டிவைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போவதில்லை. அண்ணி போகிறார். "அந்த செபாஸ்டின் போறாங்கிறதுக்காக நான் ஏன் என் சாமிய விடணும்?" என்பார்.

ஐப்பசியில் என் சித்தப்பா மரியதாஸ் இறந்தார். வாய்க்காலில் மார்பளவுத் தண்ணீர். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்ததும் அண்ணி முன்னால் போய் மறித்தார்.

"எறங்காதீங்க. இப்படித் திரும்புங்க."

அவர் காட்டியது பழனிவேலின் வயலை. கல் இல்லாவிட்டால் என்ன, பாட்டை எங்கே இருந்தது என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லுக்குள் இறங்கினார். அவர் கால் பட்ட இடத்தில் நாங்கள் கால் வைத்தோம். நெல் இரண்டு பக்கமும் சாய்ந்தது. வருஷக்கணக்காக மண் மூடிக் கிடந்த சின்னப் பாலத்தின்மேல் ஏறி, வாய்க்காலில் இறங்காமல் சித்தப்பாவைக் கொண்டுபோய் மேட்டில் அடக்கம் செய்தோம்.

திரும்பி வரும்போது பழனிவேல் வரப்பில் நின்றிருந்தார், கூட நாலைந்து பேர். ஆண்கள் அத்தனை பேர் இருந்தோம், எங்களை விட்டுவிட்டு அண்ணியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் சாதிப் பெயரைச் சொல்லி, அதோடு சேர்த்துச் சொல்கிற எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். அண்ணியின் அம்மாவைச் சொன்னார், அண்ணியின் உடம்பைச் சொன்னார். என் கை மண்வெட்டிக்குப் போனது. அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அடிச்சா நீ ஜெயிலுக்குப் போவ. சாதியச் சொல்லித் திட்டினா அதுக்குச் சட்டம் இருக்குது. வண்டிய எடு" என்றார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். பழனிவேல் எங்களுக்கு முன்னாலேயே போன் பண்ணியிருக்கிறார். பயிரை மிதித்ததாக அண்ணிமேல் புகார் தயாராக இருந்தது. அண்ணி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பழனிவேல் சொன்ன அந்தச் சாதிப் பெயரையும் வாய்விட்டுச் சொன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுங்கள் என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்கவில்லை.

"அசிங்கமாத் திட்டினாருன்னு வேணா ஒரு மனு வாங்கிக்கிறேன். அந்தச் சட்டம் உங்களுக்கு வராதும்மா."

"ஏன் சார்?"

"அது எஸ்.சி.க்குத்தான். நீங்க எஸ்.சி. இல்லன்னு உத்தரவே இருக்குதே. நீங்க அந்தச் சாதியே இல்லம்மா."

அண்ணி எழுந்துகொண்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ரேஷன் கடையில் கால் கிலோவுக்குக் கத்துகிற மனுஷி, அங்கே குரலை உயர்த்தவே இல்லை.

"சரிங்க சார். நான் அந்தச் சாதி இல்ல. அப்ப அந்த ஆளு வரப்புல நின்னு யாரத் திட்டினாரு? அவள யாருன்னு கண்டுபுடிச்சு, அவ பேர்ல கேஸ் எழுதுங்க. அதுவரைக்கும் நான் இங்கேயே ஒக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்து, ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் சன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டார்.