இடது சீட்டின் கோரிக்கை

"வர்ற திங்கக்கிழமையிலேருந்து நான் காய்கறி பேக்கிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போறேன்" என்று பெண்டாட்டி சொன்னபோது ஐஸ் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயில் இருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

ஐஸ் என்பது பட்டப்பெயர். அவனிடம் ஒரு பழைய பட்டாளத்து லாரி இருந்தது. மேல் தோட்டங்களிலிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் ஏற்றிக் கீழே சந்தைக்குக் கொண்டுபோகிற பிழைப்பு. எவ்வளவு செங்குத்தான மலை ஏறினாலும் தன் எஞ்சின் சூடே ஆகாது என்று பதினோரு வருடமாகப் பெருமை பேசிப் பேசியே அந்தப் பெயரைச் சம்பாதித்திருந்தான்.

அவளுக்கும் பட்டப்பெயர் உண்டு. சிக்னல். அந்த லாரியின் மூக்கு நீளம். போதாததற்கு ஸ்டெப்னி டயரை இடது பக்கம் மாட்டியிருந்தார்கள். ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு இடது பக்கம் பள்ளமா, பாறையா, பசுமாடா, ஒன்றும் தெரியாது. இடது சீட்டில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, "இடம் இருக்கு, போ... போ... நிறுத்து! இன்னும் ஒரு சாண்... இப்பப் போ" என்று பதினோரு வருடமாகச் சொல்லிவந்தவள் அவள்தான். லாரியை ஓட்டியது பாதி அவன், பாதி அவள். பேர் மட்டும் முழுக்க அவனுக்கு.

அவள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. கேபினுக்குள் ஒரு ஹீட்டர். விடிகாலை ஐந்து மணிக்கு மலைப்பாதையில் பெடல் ஓட்டைகள் வழியாகக் காற்று ஊசி மாதிரி ஏறும். அவள் கால் விரல்கள் வீங்கிச் சிவந்து, வீட்டுக்கு வந்தால் அரிப்புத் தாங்காது. முதல் குளிர்காலத்தில் கேட்டாள், காலைப் போர்த்திக்கொள்ள ஒரு கோணிச்சாக்கு கிடைத்தது. அடுத்த வருடம் இரண்டு ஜோடி சாக்ஸ். அதற்கும் அடுத்த வருடம் வெந்நீர் பாட்டில் ஒன்று. அது நாலாவது வளைவிலேயே ஆறிப்போனது.

"பட்டாளத்துக்காரங்களே இந்த வண்டியில ஹீட்டர் இல்லாமத்தான் போயிருக்காங்க" என்றான் ஐஸ்.

"அவங்களுக்குக் குளிராதுன்னு எவனோ கம்பளி போத்திக்கிட்டு நாற்காலியில உக்காந்து முடிவு பண்ணியிருப்பான். அவன் சொன்னதை நீ எனக்குச் சொல்லாதே. ஷெட்ல நாலு பக்கமும் சுவர் இருக்கு. நான் போறேன்."

மறுநாள் செவ்வாய்க்கிழமையே இடது சீட் காலி. ஐஸ் அதை வாய்ச்சண்டை என்று நினைத்தான். அவள் அதை வேலைநிறுத்தம் என்று நினைத்தாள். அவள் நினைத்ததுதான் சரி.

புதன்கிழமை ஐஸ் தன் மச்சினனைப் பிடித்து இடது சீட்டில் உட்கார வைத்தான். சிக்னலின் கூடப் பிறந்த தம்பி, எலக்ட்ரீஷியன், நல்ல பையன். முப்பது வயதாகியும் எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவான். மூன்றாவது வளைவில் அவன் "இடம் இருக்கு மாமா" என்று சொல்லி முடிக்கவும் இடது கண்ணாடி பாறையில் உரசி நொறுங்கவும் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காக்காரி வாசலிலேயே வரவேற்றாள். "வாடா கருங்காலி! அக்கா நியாயம் கேட்டு உக்காந்திருக்கா, நீ போய் அவ சீட்ல குறட்டை விட்டியா?"

"மாமா கூப்பிட்டாரு..."

"கூப்பிட்டா? நாளைக்குக் கிணத்துல குதிக்கக் கூப்பிட்டா?"

வியாழனும் வெள்ளியும் ஐஸ் தனியாகப் போனான். ஒவ்வொரு வளைவிலும் இறங்கினான், இடது பக்கம் பார்த்தான், ஏறினான். சந்தைக்குப் போய்ச் சேரும்போது மற்ற லாரிகள் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆனால் அவனை வாட்டியது அதுகூட இல்லை. வழி நெடுக ஒரு பேச்சில்லை, திட்டில்லை. பதினோரு வருடத்தில் இத்தனை வளைவுகள் இருப்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போனான். செத்துப்போன ஒரு டூரிஸ்ட் பஸ் அங்கே சக்கரம் இல்லாமல் படுத்திருந்தது. அதன் வயிற்றிலிருந்து ஹீட்டரைக் கழற்றினான். ஒரு தகரப் பெட்டி, உள்ளே ரேடியேட்டர் மாதிரி ஒரு குட்டிக் கூடு, பின்னால் ஒரு விசிறி, பக்கத்தில் வெந்நீரைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எஞ்சினில் ஓடும் சுடுதண்ணீர் அந்தக் கூட்டுக்குள் வந்து போகும், விசிறி அந்தச் சூட்டைக் காலடிக்குத் தள்ளும். அவ்வளவுதான் சமாச்சாரம். பஸ்ஸும் இருபத்துநாலு வோல்ட், பட்டாளத்து லாரியும் இருபத்துநாலு வோல்ட். ஜாதகம் பொருந்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசலில் வேலை தொடங்கியது. கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த தகட்டில் இரண்டு ஓட்டை போட்டான். பச்சைப் பெயின்ட் ஏழு அடுக்கு உரிந்து வந்தது. ஓட்டை விளிம்பு ரப்பர் குழாயை அறுக்காமல் இருக்க, பழைய டியூபை வட்டமாக வெட்டிச் செருகினான். போகிற குழாய் ஒன்று, வருகிற குழாய் ஒன்று, நாலு கிளிப். மச்சினன் டாஷ்போர்டில் எதற்கென்றே யாருக்கும் தெரியாத ஒரு பட்டாளத்து சுவிட்சைக் கண்டுபிடித்து விசிறிக்கு ஒயர் இழுத்தான். வேலை செய்யும்போது மட்டும் அவன் தூங்குவதில்லை.

சிக்னல் சமையலறை ஜன்னலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலைநிறுத்தக்காரி கை கொடுக்கக்கூடாது. வாய் கொடுக்கலாம்.

"அந்த வெந்நீர்த் திருகு எந்தப் பக்கம் வருது?"

"என் கைக்கு எட்டுற மாதிரி" என்றான் ஐஸ்.

"குளிர்றது யாருக்கு?"

ஐஸ் பெருமூச்சு விட்டான். பெட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டினான். திருகு இடது பக்கம் போனது.

பதினொரு மணிக்கு எஞ்சினை ஓடவிட்டு சுவிட்சைத் தட்டினார்கள். விசிறி சுற்றியது. காற்று வந்தது. பச்சைத் தண்ணீர்க் காற்று.

"சூடாகட்டும் மாமா" என்றான் மச்சினன். கால் மணி, அரை மணி. ஐஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். காற்று அப்படியே. கூடு அடைத்திருக்கும் என்று கழற்றி, தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் வந்தது, துரு வாசனையோடு. காற்று அடைத்திருக்கும் என்று வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்தார்கள். குமிழி குமிழியாக வந்து நின்றது. மறுபடி சுவிட்சைத் தட்டினார்கள். அடுத்த வீட்டில் அடுப்பு எரிந்தால் நம் வீட்டில் எவ்வளவு சூடு தெரியுமோ, அவ்வளவு தெரிந்தது.

"செத்த பஸ்ஸோட ஹீட்டர். அதுவும் செத்ததுதான்" என்று ஐஸ் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தான். மணி இரண்டு. விடிந்தால் திங்கள்.

சிக்னல் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்தாள். கை நிறையத் துணியோடு நின்று, திறந்து கிடந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ரப்பர் குழாயை இரண்டு விரலால் பிடித்தாள்.

"இவ்வளவு நேரம் ஓடியிருக்கு. இது நேத்து வச்ச குளிக்கிற தண்ணி மாதிரி இருக்கே?"

"என் எஞ்சின் சூடாகாது. ஊருக்கே தெரியும்" என்றான் ஐஸ், வாய்ப்பழக்கத்தில்.

அவள் அவனையே பார்த்தாள். மச்சினனும் பார்த்தான். சொன்னவனும் ஒரு கணம் கழித்துத் தன்னையே பார்த்துக்கொண்டான்.

"அப்போ சூடு எங்கேருந்துய்யா வரும்? உன் பேச்சுலேருந்தா?"

எஞ்சினின் வாசலில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு இருக்கும். தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாது. சூடானதும் திறக்கும். ஏலத்தில் லாரியை எடுத்த இரண்டாம் நாளே ஐஸ் அந்தக் கதவைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சமவெளியில் பதினெட்டு வருடம் அடுத்தவன் லாரி ஓட்டினவன் அவன். ஒரு கோடைக்காலம், ஏற்றத்தில், தக்காளி லோடோடு எஞ்சின் கொதித்து நின்றது. அந்தக் கதவு திறக்காமல் இறுகிப்போயிருந்தது. இரண்டு நாள் வெயிலில் தக்காளி ரோடெல்லாம் ஒழுகியது. முதலாளி பத்துப் பேர் முன்னால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, நடந்து வீட்டுக்குப் போகச் சொன்னான். பெருமை பெருமை என்று ஊர் நினைத்ததெல்லாம் பயம். அது சிக்னலுக்குத் தெரியும். அதனால்தான் அதற்குமேல் அவள் கேலி செய்யவில்லை.

"வாத்தியார்கிட்ட இருக்கும். போய் வாங்கிட்டு வா" என்றாள்.

வாத்தியார் என்பவர் வளைவில் கடை வைத்திருந்த மெக்கானிக். ஒரு நட்டைக் கழற்றினாலும் பாடம் நடத்திவிட்டுத்தான் கழற்றுவார். பதினோரு வருடத்துக்கு முன்பே "குளிர் ஊர்ல அதைக் கழட்டாதே, டீசல் குடிக்கும்" என்றவர். அதற்கு ஐஸ் சொன்ன பதில் அச்சில் வராது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஐஸ் போய் நின்றான். வாத்தியார் நிமிரவில்லை.

"ஒரு தெர்மோஸ்டாட் வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உன் வண்டிதான் சூடே ஆகாதே!" என்றார் வாத்தியார். எதிர் டயர்க் கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற குரல் அது.

"கழட்டினது தப்பு."

"கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் விளங்கலையே."

"தப்புன்னேன்யா! தப்பு, தப்பு, தப்பு! போதுமா?"

வாத்தியார் கம்ப்ரசரை அணைத்தார். உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். "மூணு தடவை சொன்னே பாரு, ரெண்டு அதிகம். வெந்நீர்ல போட்டுப் பார்த்துட்டு மாட்டு. திறக்கறதைக் கண்ணால பார்த்தாத்தான் உனக்குத் தூக்கம் வரும்."

அது திட்டு இல்லை. ஐஸுக்கும் அது புரிந்தது.

சிக்னல் பால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஐஸ் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டான். மூன்று தலைகள் அடுப்புக்கு மேல் குனிந்தன. தண்ணீரில் குமிழி கிளம்பியது. பித்தளைக் கதவு மெதுவாக, சோம்பல் முறிப்பதுபோல, திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. மறுபடி போடச் சொன்னான். மறுபடி திறந்தது.

ஐந்தாவது தடவை அவள் அடுப்பை அணைத்தாள். "முட்டையா இது, வேக வைக்க? போய் மாட்டுய்யா."

மாட்டினான். எஞ்சினை ஓடவிட்டு, சூட்டுமானியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பதினோரு வருடம் அடியில் படுத்தே கிடந்த முள் எழுந்தது. கால்வாசி வந்தது. பாதிக்கு வந்தது. ஐஸின் கை சாவிக்குப் போனது. அணைத்துவிடலாமா?

இடது கதவு திறந்தது. சிக்னல் ஏறி, அவன் கையைத் தட்டிவிட்டாள். "நிக்குது பாரு."

முள் பாதியில் நின்றது. அங்கேயே நின்றது. ஐஸ் சுவிட்சைத் தட்டினான். ரொட்டி அடுப்பின் கதவைத் திறந்த மாதிரி காற்று வந்தது. சீட்டுக்கு அடியில் படுத்திருந்த பல வருடத்து உருளைக்கிழங்கு மண் கிளம்பி மூவர் மூக்கிலும் ஏறியது. மச்சினன் ஏழு தும்மல் தும்மினான். சிக்னல் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். அரை மணி நேரம் இறங்கவே இல்லை.

"அப்போ நாளைக்கு?" என்றான் ஐஸ்.

"ஷெட்ல ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

திங்கள் விடிகாலை அவள் லாரியில் ஏறினாள். மடியில் ஷெட்டில் கொடுத்திருந்த ஏப்ரன். மேல் தோட்டத்தில் லோடு ஏற்றினார்கள், மலை இறங்கினார்கள். "இடம் இருக்கு, போ" என்பதைத் தவிர அவள் வேறு பேசவில்லை. ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷெட் வாசல் வந்தது.

"நிறுத்து" என்று இறங்கினாள். ஏப்ரனோடு உள்ளே போனாள். இடது கதவு திறந்தே கிடந்தது. ஐஸ் முள்ளைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான். ஐந்து நிமிடம் ஆனது. பத்தானது. கால் மணிக்கு வெறுங்கையோடு வந்து ஏறினாள்.

"கதவைச் சாத்து, சூடெல்லாம் வெளியே போகுது!" என்று கத்தினான் ஐஸ். அவனுக்கு வேறு எப்படியும் சந்தோஷப்படத் தெரியாது. "வேலை வேண்டாம்னு சொல்ல இவ்வளவு நேரமா?"

"அதுக்கு ரெண்டு நிமிஷம். உள்ளே கழுவுற இடத்துல பொண்ணுங்க நாள் பூரா ஐஸ் தண்ணியில நிக்குறாங்கய்யா. நாலு சுவர் இருந்து என்ன? லாரியில ஹீட்டர் வந்துருச்சுன்னேன், நீ எப்படிக்கா வாங்கினேன்னு கேட்டாங்க. விவரமாச் சொல்லிட்டு வந்தேன்."

ஷெட் முதலாளியை நினைத்து ஐஸுக்கு முதன்முறையாகப் பாவமாக இருந்தது.

நாலாவது வளைவுக்குள் அவன் முதுகெல்லாம் வியர்வை. ஸ்வெட்டரைக் கழற்றினான். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். எதிரே வந்த லாரிக்காரன் "என்ன ஐஸ், உருகிட்டியா?" என்று கத்திக்கொண்டே போனான்.

"திருகைக் கொஞ்சம் மூடேன்மா" என்றான் ஐஸ்.

திருகு அவள் பக்கம். அவள் செருப்பில்லாத காலை இன்னும் கொஞ்சம் நீட்டி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இடது பக்கம் இடம் இருக்கு. பேசாம ஓட்டு."