கேஸ்கெட் வேண்டாம் சார்: வீட்டில் ஒரு ரேஸ் கார் கட்டிய கதை

1. பந்தல் பைப்

இரும்புப் பைப்புகள் குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டுச் சகுந்தலா அக்கா வாசலுக்கே வந்து பார்த்தாள்.

“இன்னா ஸ்டெல்லா, பந்தல் போடப் போறியா? யாருக்குக் கல்யாணம்?”

“கல்யாணம் இல்லக்கா. காரு கட்டப் போறேன். ரேஸ் காரு.”

“காரு வாங்குவாங்க. வூட்ல யாராச்சும் கட்டுவாங்களா?”

நான் கட்டினேன். எப்படிக் கட்டினேன், எங்கே கோட்டை விட்டேன், ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை வெல்டிங் கற்கும் பிள்ளைகளுக்காக, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கடைசியில் ஓர் அறிவுரை வரும். ஒன்றே ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

எங்கப்பா படாளத்தில் அடுத்தவர் கரும்பை வெட்டியவர். நான் மறைமலைநகரில் அடுத்தவர் காருக்கு சைலன்சர் பைப் பற்றவைத்தவள். என் கைக்குக் கீழே போன பைப்புக்குக் கணக்கே கிடையாது. அந்தப் பைப் பூட்டிய கார் ஒன்றில்கூட நான் உட்கார்ந்ததில்லை. கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸிலேயே திரும்பினேன். அந்தப் பஸ்ஸை ஓட்டிய தேவராஜைக் கட்டிக்கொண்டதுதான் அதில் எனக்குக் கிடைத்த லாபம்.

விஆர்எஸ் வாங்கிய பிறகு ஜிஎஸ்டி ரோட்டோரம் ஒரு ரேஸ் டீமின் கராஜில் சேர்ந்தேன். அங்கே எனக்கு ரோல் கேஜ் வேலை. வண்டி உருண்டாலும் டிரைவர் நசுங்காமல் காப்பாற்றும் பைப் கூண்டு அது. ஓனர் என்னைவிட நிறைய இளையவர், மரியாதையாகத்தான் பேசுவார். ஒருநாள் ட்ராக்கில் வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தபோது, நான் ஒரு ரவுண்டு போய்வரட்டுமா என்று கேட்டேன்.

“அக்கா, நீங்க பத்தவைங்க. ஓட்றதுக்கு ஆளுங்க இருக்காங்க” என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்ற பையன்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வாரத்தோடு கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, வேலை மட்டும் நன்றாக ஓடும்.

2. காற்று வருமுன்

எங்கள் வீடு திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடல் பக்கம். நான் செய்வது டிக் வெல்டிங். அதில் ஆர்கன் வாயு பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி நின்று காக்க வேண்டும். காற்று அடித்தால் வாயு கலைந்துவிடும். வெளியே பார்க்க வரிவரியாக அழகாக இருக்கும், உள்ளே பொத்தலாக நிற்கும். வண்டி உருளும்போதுதான் அந்த லட்சணம் தெரியும்.

அதனால் கடல் காற்று எழும்புவதற்குள் பற்றவைப்பதை முடித்துவிடுவேன். காற்று வந்த பிறகு அறுப்பது, அரம் போடுவது, துளை போடுவது. உப்புக் காற்றில் வெறும் பைப் மறுநாளே துரு பிடிக்கும் என்பதால் சாயங்காலம் எண்ணெய் பூசி வைப்பேன். காலையில் தின்னர் போட்டு அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் வெல்டிங் டார்ச்சைத் தொடுவேன். பூசுவதும் துடைப்பதுமே பாதி வேலை.

“இன்னாமே, நாஸ்தாகூட இல்லாம பைப்ப தொடச்சிகினு கீற?” என்பார் தேவராஜ்.

“யோவ், காத்து வந்துச்சின்னா இன்னிக்கு வேல போச்சு. நாஸ்தா எங்க ஓடிடப் போவுது? நீயே தோச ஊத்து.”

அவரே ஊற்றினார். அவர் தோசை இன்றுவரை வட்டமாக வந்ததில்லை. ஆனால் ஒருநாளும் ‘இந்த வேலையை விடு’ என்று சொன்னதில்லை. அந்த மனுஷனுக்காக எந்த வடிவத் தோசையையும் தின்னலாம்.

எஞ்சின் வேலை பாபுவுடையது. திருப்போரூரில் பைக் மெக்கானிக், என்னை அக்கா என்பான். விபத்தில் நொறுங்கிய ஒரு பெரிய ரேஸ் பைக்கின் எஞ்சினைத் தேடிப் பிடித்தவன் அவன்தான். நாலு சிலிண்டர், நூற்று எழுபது குதிரை சக்தி. எங்கள் வண்டியோ சாதாரணக் காரின் எடையில் பாதிகூட இல்லை. ஆக்சிலேட்டரைத் தொட்டாலே முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் நான் ட்ராக்கில் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, அவர்கள் வண்டியில் பழகி ரேஸ் லைசென்ஸும் வாங்கினேன். கூடப் படித்த பிள்ளைகள் என்னை முதலில் யாருடைய அம்மாவோ என்று நினைத்தார்கள்.

டைம் ட்ரையல் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். ஒவ்வொரு வண்டியும் தனியாக ஓடும், ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு நேரம் என்று அளப்பார்கள். அங்கே பலகையில் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று வரி எழுதுவார்கள்: கட்டியவர், டீம், டிரைவர். கராஜில் நான் செய்த வண்டிகளுக்கு அந்த மூன்று வரியில் ஒன்றிலும் என் பேர் வந்ததில்லை. இந்த முறை மூன்றிலும் ஸ்டெல்லா என்று இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஜெயிப்பதெல்லாம் அப்புறம்.

3. அட்சதை

சனிக்கிழமை காலை ட்ராக்கில் வண்டிச் சோதனை, தேறினால் அன்றே போட்டி. வியாழக்கிழமை காலை வண்டியைத் தெருவுக்குத் தள்ளி முதல்முறை ஸ்டார்ட் செய்வதாக ஏற்பாடு.

எங்கள் தெருவில் புதிதாக எது வந்தாலும், ஆட்டோவோ தையல் மிஷினோ, சும்மா ஓடவிட மாட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், பெண்கள் தூவும் மஞ்சள் அட்சதை எல்லாம் உண்டு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் தெரு சந்தோஷமாகச் செய்வதைத் தடுக்க எனக்கு மனசு வராது. தேவராஜ் ஜெபம் செய்தார், பிறகு சகுந்தலா அக்கா தட்டோடு வந்தாள்.

என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சினுக்குக் காற்று போக மேலே நான்கு வாய்கள் உண்டு. அவற்றுக்குப் போடும் ஃபில்டர் வந்து சேரவில்லை. அதுவரை காற்று புகும் ஒரு பழைய மெல்லிய துணியைக் கட்டி மூடியிருந்தேன். நான் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். பாபு பின்னால் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, அழுக்குத் துணியோடு சாமி கும்பிடக்கூடாது என்று சகுந்தலா அக்கா அதை அவிழ்த்துப் போட்டுவிட்டாள். அப்புறம் தெருவே கைநிறைய அட்சதை தூவியது. என் ஹெல்மெட் மேலும் விழுந்தது. நான் பல்லை இளித்துக்கொண்டு கையாட்டினேன்.

எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. லேசாக ஆக்சிலேட்டரை மிதித்தேன், காலை எடுத்தேன். சத்தம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. என்னவோ இடுக்கில் சிக்கி, காற்று வாயிலிருக்கும் தட்டுகள் மூடவில்லை. கில் சுவிட்சை அடித்து நிறுத்தினேன்.

பாபு டார்ச் லைட் அடித்துப் பார்த்தான். “அக்கா, உள்ள அரிசி கீதுக்கா. மஞ்ச அரிசி.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. சகுந்தலா அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். “நல்லாருக்கணும்னுதான்டி போட்டேன்.”

அழுகிறவளை எவ்வளவு நேரம் திட்டுவது? எழுந்து ஸ்பேனரை எடுத்தேன்.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்தோம். மூன்றாவது சிலிண்டரில் பாதிகூட இல்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், வால்வு உட்காரும் இடத்தில் அரிசி கருகி ஒட்டியிருந்தது. வால்வு வளையவில்லை, அதுவரை தப்பித்தோம். பேஸ்ட் தடவித் தேய்த்து அதை மறுபடி உட்காரவைக்கலாம். ஆனால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். சென்னையில் விசாரித்ததில் கையிருப்பு இல்லை என்றார்கள். அந்த மாடல் கேஸ்கெட் இருக்கக்கூடிய ஒரே இடம் என் பழைய ஓனரின் கராஜ். என்னிடம் சொல்லாமல் பாபு அங்கே போன் போட்டுவிட்டான்.

4. புதுப் பாக்கெட்

வெள்ளிக்கிழமை காலை ஓனரே நேரில் வந்தார். கையில் பிரிக்காத பாக்கெட். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், குனிந்து என் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார்.

“சூப்பரா பண்ணியிருக்கீங்கக்கா. நிஜமா சொல்றேன். இந்தாங்க கேஸ்கெட், காசு வேண்டாம். என் பசங்க ரெண்டு பேரை அனுப்புறேன், மத்தியானத்துக்குள்ள பூட்டிடுவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னக்கா, வண்டி நம்ம டீம் பேர்ல ஓடட்டும். என் டிரைவர் ஓட்டுவான். கட்டினது நீங்கன்னு போட்டுக்கலாம். ஒரு வரி உங்களுக்கு.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. ஒரு வரிகூட இதுவரை வந்ததில்லையே. அவருடைய டிரைவர் கெட்டிக்காரன், பரிசுகூட வரலாம். பாபு கண்ணாலேயே கெஞ்சினான். தேவராஜ் என் முகத்தைப் பார்த்தார்.

“கேஸ்கெட் வேண்டாம் சார். எடுத்துனு போங்க.”

“அக்கா, கோபத்துல முடிவு எடுக்காதீங்க. பழசைப் போட்டா தாங்காது.”

“தாங்காதுன்னு தெரியும் சார். எனுக்கு மூணு ரவுண்டு ஓடுனா போதும். வண்டிய சூடு பண்ண ஒண்ணு, டைமுக்கு ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு.”

அவர் கார் தெருமுனை திரும்பியதும் பாபு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “பேஜாராப் பூட்ச்சுக்கா. கைக்கு வந்தத வுட்டுட்ட.”

“நீ போன் போட்டதுக்கு உனுக்கு அப்புறம் கீது. இப்ப கேஸ்கெட்ட தொட.”

பழைய கேஸ்கெட்டை ரெண்டு பக்கமும் துடைத்து, கசிவை அடைக்கும் காப்பர் ஸ்பிரே அடித்துக் காயவைத்தோம். வால்வு தேய்க்கும் குச்சியைச் சகுந்தலா அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மோர் கடைவது போல உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி உருட்டி, நான் போதும் என்று சொன்ன பிறகும் தேய்த்தாள். சாயங்காலம் எஞ்சினை மூடி ஸ்டார்ட் செய்தபோது நாலு சிலிண்டரும் ஒழுங்காகப் பேசின.

5. மூன்று வரி

சனிக்கிழமை ட்ராக்கில் சோதனை அதிகாரி ரோல் கேஜைச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடியில் ஒரு பிராக்கெட்டுக்கு இன்னொரு போல்ட் போடச் சொன்னார், போட்டோம். வண்டி தேறியது என்று ஸ்டிக்கர் ஒட்டினார்.

என் முறை வந்தபோது மைக்கில் ஒரு பையன் படித்தான். “கட்டியவர் ஸ்டெல்லா. டீம் ஸ்டெல்லா. டிரைவர்... ஸ்டெல்லா. இன்னா ப்ரோ, தப்பா எழுதிட்டீங்களா?”

“கரெக்டாத்தான் எழுதிக்கீது, படிடா!” என்று வேலிக்கு அப்பாலிருந்து தேவராஜ் கத்தினார்.

முதல் ரவுண்டு சூடு பண்ண. இரண்டாவது ரவுண்டில் நேர்ச்சாலையில் முழுசாக மிதித்தேன். பயமாகத்தான் இருந்தது. என் தலைக்கு மேலே என் பைப், காலுக்குக் கீழே என் தளம். எந்த ஜாயின்ட்டை எந்தக் காலையில் பற்றவைத்தேன் என்று எனக்குத் தெரியும். ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கியது, பிடித்துவிட்டேன். கோட்டைத் தாண்டியபோது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியிருந்தது. மூன்றாவது ரவுண்டில் கேஸ்கெட் போய், வெள்ளையாக ஆவி கிளம்பி, வண்டி நடுவழியில் நின்றது. கயிறு கட்டி இழுத்துவந்தார்கள்.

நேரப் பட்டியலில் நடுவுக்கும் கீழேதான் என் பேர். ஓனரின் வண்டி இரண்டாவது. அவர் நடந்து வந்தார். கிண்டல் செய்ய வந்தார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

“பாத்தீங்களாக்கா? என் பையன் ஓட்டியிருந்தா இந்த வண்டி ஜெயிச்சிருக்கும்.”

“ஜெயிச்சிருக்கும் சார். யாரு ஜெயிச்சாங்கன்னு மைக்ல படிச்சிருப்பாங்க?”

என் வண்டியை நான் தள்ள ஆரம்பித்தேன், பாபுவும் தேவராஜும் பின்னால் கைவைத்தார்கள்.

இப்போது அந்த அறிவுரை. வண்டி யாருடையது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், அப்புறம் பைப்பை அறுங்கள். அறுத்த பிறகு அதைப் பற்றி எவரிடமும் பேரம் பேசாதீர்கள்.