கல்லறைத் தோட்டத்து நித்தியகல்யாணி

பாம்பன் கல்லறைத் தோட்டத்தில் எதை நட்டாலும் ஆடு தின்றுவிடும். சுவர் பாதி இடிந்து கிடந்தது; கட்ட ஆளில்லை, குறை சொல்ல மட்டும் ஊரே இருந்தது. சுதந்திரம் வந்த மறுவருஷம் காய்ச்சலில் போன எங்கள் கைக்குழந்தையை அந்த மணலில்தான் புதைத்தோம். மரச்சிலுவையைக் கறையான் தின்றது, மணல்மேட்டைக் காற்று தட்டையாக்கியது. இடம் தப்பிவிடக் கூடாதே என்று என் மனைவி, ரயில்வே பங்களாத் தோட்டத்தில் கேட்டு வாங்கிய நித்தியகல்யாணிச் செடியை அங்கே நட்டாள். வெள்ளைப் பூ. கசப்புச் செடி என்பதால் ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

அந்தச் செடிக்குத் தண்ணீரும் வேண்டாம், யார் தயவும் வேண்டாம். காய் வெடித்து விதை சிந்தி, சில வருஷத்தில் தோட்டம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"ஏத்தா, உன் செடியால எங்க அய்யா கல்லறை எதுன்னே தெரியலயே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லறைத் திருநாளுக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்று மாதா கோயிலில் உபதேசியார் சொல்லிவிட்டார். மழை பெய்து மணல் இளகியிருந்தது. ஒடித்தால் திரும்பத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, காய் வெடிக்குமுன் எரிக்க வேண்டும். மற்றவர்கள் பூத்த செடிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். என் மனைவியோ, இலை நடுவில் ஓடும் வெளுத்த நரம்பைப் பார்த்தே பூக்காத குருத்தையும் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். ஊர் வாய்க்கு அதுதான் அவள் பதில் என்று நினைத்துக்கொண்டேன். கையில் ஒட்டிய செடிச் சாற்றில் அன்று சாப்பிட்ட சோறெல்லாம் கசந்தது.

முதலில் நட்ட செடி தண்டு தடித்து நிற்கும், அதை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம் என்றுதான் இருவரும் நம்பியிருந்தோம். அது எப்போதோ பட்டுப்போயிருந்தது. எல்லாம் பிடுங்கி முடித்தபோது வெறும் மணல்தான் கிடந்தது.

திருநாளன்று மெழுகுவத்தியோடு நின்றவள், "ஏங்க, நம்ம புள்ள எங்கன?" என்று கேட்டாள்.

குழி வெட்டியவன் நான். கை காட்டத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

"எங்கனயாச்சும் வையி, எல்லாம் நம்ம சனந்தான" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் மனைவி வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருந்த உத்தரத்துக்கு நேர் கீழே தரையில் அந்த மெழுகுவத்தியை ஏற்றினாள்.