எச்சில் பந்துக்குச் சண்டை பிடிக்க ஆள் தேவை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் என்னோடு கிரிக்கெட் விளையாடிவிட்டு கனடாவுக்குப் போன கவின் இன்று காலை வீடியோ கோலில் வந்தான். அங்கே பள்ளிக்கூட பேஸ்போல் டீமில் பந்து எறிவது அவன்தானாம்.

"மச்சான், விரலை நக்கினா துடைச்சுப்போட்டுத்தான் பந்தைத் தொடலாம். இல்லாட்டி அம்பயர் பிடிச்சிடுவார்."

"அப்ப உன்னை எப்பிடியடா சேர்த்தவங்கள்? வெள்ளவத்தையில எங்கட பந்து நனைஞ்சதே உன்ர எச்சிலாலதானே!"

சிரித்தான். "குளிரெண்டா மட்டும் கையை ஊத விடுவினம்."

"இங்க நாங்கள் ஊதுறது பிளேன்டீயை மட்டும்தான்."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

நான் ஒழுங்கைக்குப் போய், விரலை நன்றாக நக்கி, மதிலுக்குப் பந்து போட்டேன். "கள்ளப் பந்து!" என்று கத்திச் சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லை.

பின்னேரம் யாராவது வாங்கோவன். முதல் பற்றிங் உங்களுக்குத்தான். வாய் பெரிசா இருந்தால் போதும், விளையாடத் தெரியத் தேவையில்லை.