கொடிக்குள் மடித்த பூ

என் கணவர் ராணுவத்தில் இருந்தார். எல்லையில் இறந்துபோனார். போன சுதந்திர தினத்துக்கு, நரிக்குடிப் பக்கம் என் மகள் தர்ஷினி படிக்கும் பள்ளியில் என்னைக் கொடியேற்றக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் டீச்சர் பிள்ளைகளுக்கு டெல்லிப் படங்களைக் காட்டினார். செங்கோட்டை, இந்தியா கேட், அப்புறம் போர் நினைவுச் சின்னம்.

"இந்தச் சுவத்துலதான் நம்ம தர்ஷினி அப்பா பேரச் செதுக்கியிருக்காங்க. நாட்டுக்காக உயிரக் குடுத்தவுக."

பிள்ளைகள் கைதட்டினார்கள். தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கொடிக்கம்பத்துக்கு நடந்தேன். பள்ளிக்கு இடம் கொடுத்த பெரிய வீட்டுக்காரர் குரலைக்கூடத் தாழ்த்தாமல் டீச்சரிடம் சொன்னார்: "கொடிக்குள்ள பூ வச்சுக் கட்டியிருக்கு. நல்ல காரியம். தாலியறுத்தவ கை படணுமா? என் மருமகள இழுக்கச் சொல்லுங்க."

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்கக்கா."

மகள் பார்க்கிறாளே என்று சண்டை போடாமல் தள்ளி நின்றேன்.

மருமகள் கயிற்றை இழுத்தாள். கொடி விரிந்தது. உள்ளே இருந்த பூவெல்லாம் காற்றில் பறந்து எங்கள் மேல் விழுந்தது. எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். தர்ஷினி மட்டும் வரிசையை விட்டு என்னிடம் ஓடி வந்தாள். கட்டிக்கொள்ள வருகிறாள் என்று குனிந்தேன். அவள் என் தலையில் கிடந்த சாமந்தி இதழ்களை அவசர அவசரமாகத் தட்டிவிட்டாள்.

"யாரும் பாக்கலம்மா," என்றாள்.

இப்போது எங்கே கொடியேறினாலும் எல்லோர் கையும் சல்யூட்டுக்குப் போகிறது. என் கை, தலையில் பூ ஏதும் கிடக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது.